ஆலைக்குள் உமி, வயலில் மெதேன்: வாயுக் கணக்கைக் கிழக்கில் கற்பித்தல்

சம்மாந்துறையில் இயங்கும் ஓர் அரிசி ஆலை தனது ஓராண்டுப் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தைக் கணக்கிட்டு, அதை வெளியார் ஒருவர் சரிபார்க்கக்கூடிய அறிக்கையாகத் தர வேண்டுமென்றால், அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கணக்காளர்கள் இருக்கிறார்கள், விவசாயப் பட்டதாரிகள் இருக்கிறார்கள், மின்சாரமும் பொயிலரும் அறிந்த தொழில்நுட்பவியலாளர்கள் இருக்கிறார்கள். இவர்கள் மூவரின் அறிவும் ஓரிடத்தில் சேர வேண்டிய தொழில் இது. அந்தச் சேர்க்கையை உண்டாக்கும் பயிற்சிதான் எங்கள் பகுதியில் இன்னும் வேரூன்றவில்லை.

தேவை மட்டும் வந்துவிட்டது. சர்வதேச நிலைபேற்றுத் தர நியமச் சபை 2023 ஜூன் மாதத்தில் நிறுவனங்கள் தமது நிலைபேறு, காலநிலை சார்ந்த தகவல்களை வெளியிடுவதற்கான ஐ.எப்.ஆர்.எஸ் எஸ்1, எஸ்2 ஆகிய இரு நியமங்களை வெளியிட்டது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அவற்றை எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் என்ற பெயரில் ஏற்றுக்கொண்டு, கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்களில் தொடங்கி 2025 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்துகிறது. எங்கள் ஊர் ஆலை எதுவும் பங்குச் சந்தையில் இல்லையே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெரிய நிறுவனம் ஒன்று தனது வழங்கல் சங்கிலியின் வெளியேற்றத்தையும் கூற வேண்டிய நிலைக்கு வரும்போது, அரிசி தரும் ஆலையிடமும், பால் சேகரிக்கும் சங்கத்திடமும், துணி தைக்கும் தொழிற்சாலையிடமும் அந்தக் கேள்வி இறங்கி வருகிறது. அது ஓர் எக்செல் விரிதாளாக மின்னஞ்சலில் வருகிறது. நிரப்பி அனுப்பக் கொடுக்கும் அவகாசமும் பெரும்பாலும் குறைவு.

நான் கல்முனையில் கணக்காளராகத் தொழில் செய்பவன். இத்துறைப் பயிற்சிகளைக் கொழும்பில் ஆங்கிலத்தில் பெற்றேன்; இப்போது எங்கள் பகுதியில் சிறு குழுக்களுக்குத் தமிழில் வளவாளராக இருக்கிறேன். நான் கற்ற பயிற்சிகளை மதிக்கிறேன், நியமங்களை அவை ஒழுங்காகவே சொல்லித் தந்தன. ஆனால் அவற்றின் எடுத்துக்காட்டுகள் எல்லாம் பல மாடி அலுவலகக் கட்டடம், விமானப் பயணம், ஊழியர் வாகனம் என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றன. உமி எரியும் பொயிலரும், நீர் தேங்கிய வயலும், மேய்ச்சலுக்குப் போகும் எருமைப் பட்டியும் அவற்றில் இல்லை. கிழக்கின் வெளியேற்றத்தில் பெரும்பகுதி இருப்பதோ அவற்றில்தான். ஆகவே இங்கு நடக்கும் பயிற்சி இங்குள்ள மூலங்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலக வள நிறுவகமும் நிலைபேறான அபிவிருத்திக்கான உலக வர்த்தகப் பேரவையும் சேர்ந்து 2001 இல் வெளியிட்டு 2004 இல் திருத்திய பச்சைவீட்டு வாயு நெறிமுறையின் நிறுவன நியமமும், 2006 இல் வந்து 2018 இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ 14064-1 உம் இத்துறையின் இரு தூண்கள். காபனீரொட்சைட்டு, மெதேன், நைதரசு ஒட்சைட்டு ஆகியவற்றோடு புளோரின் கலந்த நான்கு வகை வாயுக்களும் சேர்ந்து ஏழு வகை கணக்கில் வருகின்றன. நிறுவனம் தானே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் பொருள், போக்குவரத்து, கழிவு என்று தன் கைக்கு வெளியே, ஆனால் தன் தொழிலால் நிகழ்பவை ஸ்கோப் 3. அந்த மூன்றாவதற்கு மட்டும் பதினைந்து பிரிவுகள் உண்டு. இவற்றை ஒரு காலைப் பொழுதில் கற்பித்துவிடலாம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்று பெருக்குவதற்கும் எவரும் திணறுவதில்லை. திணறல் தொடங்குவது, அந்த ஆண்டில் எத்தனை லீற்றர் எரிந்தது என்பதைச் சான்றோடு நிறுவ வேண்டிய இடத்தில்.

அதற்கும் முன்னால் எல்லை ஒன்று வரைய வேண்டியிருக்கிறது. எங்கள் ஆலைகளில் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள். ஆலை தந்தையின் பெயரில் இருக்கும், லொறி மூத்த மகனின் பெயரில் இருக்கும், நெல் காயப்போடும் தளம் குத்தகைக்கு எடுத்ததாக இருக்கும், வீடும் களஞ்சியமும் ஒரே மின்மானியில் ஓடும். உரிமைப் பங்கு, நிதிக் கட்டுப்பாடு, செயற்பாட்டுக் கட்டுப்பாடு என்று நெறிமுறை தரும் மூன்று வழிகளில் எதைத் தெரிவு செய்வது என்பதை ஆலை உரிமையாளரோடு அமர்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். குடும்பத் தொழில்களுக்குச் செயற்பாட்டுக் கட்டுப்பாடே பொருந்தும் என்பது என் அனுபவம். யார் பெயரில் இருக்கிறது என்பதை விட, அதை எப்படி ஓட்டுவது என்று கட்டளையிடுபவர் யார் என்பதே அதில் கேள்வி. தெரிவு செய்த வழியை அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதி, எல்லாவற்றுக்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். லொறிக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று வழியை மாற்றினால் அறிக்கை அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

பயிலுநர் குழுவொன்றை ஆலையொன்றுக்கு அழைத்துச் சென்றபோது, களஞ்சியப் பொறுப்பாளர் டீசல் கொப்பியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். கோடு போட்ட நீளமான கொப்பி. திகதி, வாகனம், லீற்றர், கையொப்பம் என்று நான்கு நிரல்கள். மின்பிறப்பாக்கிக்குக் கொடுத்தது, லொறிக்கு அடித்தது, உழவு இயந்திரத்துக்கு ஊற்றியது எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. சில வரிகளில் வாகன நிரல் வெறுமையாகவே இருந்தது. “கொப்பியப் பாருங்க தம்பி, ஆனா முதலாளிர வீட்டு வாகனத்துக்கு அடிச்சதும் இதுலதான் இரிக்கு” என்றார் அவர். “அது எந்தெந்த வரி எண்டு தெரியுமா காக்கா?” என்று குழுவிலிருந்த இளைஞர் கேட்டார். அவர் கையொப்ப நிரலில் விரலை வைத்து, ஓட்டுநர்களின் கையெழுத்தைக் கொண்டே ஒவ்வொரு வரியையும் பிரித்துக் காட்டினார். வகுப்பறையில் ஒரு நாள் முழுக்கச் சொன்னாலும் வராத பாடம் அது. அந்தப் பிரிப்பைப் பயிலுநர்கள் தனித்தாளில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கி, எரிபொருள் நிலையத்தின் மாதாந்தப் பட்டியலோடு மொத்த லீற்றரை ஒப்பிட்டு, கோப்பில் சேர்த்தார்கள். தரவின் மூலம் எது, அதை மாற்றியவர் யார், எந்த அடிப்படையில் மாற்றினார் என்ற மூன்றுக்கும் அந்தத் தாள் விடை சொல்கிறது. கணக்காய்வு செய்து பழகிய எனக்கு, இந்தத் தொழிலும் கணக்காய்வின் உடன்பிறப்பு என்று தோன்றுவது இப்படிப்பட்ட தாள்களால்தான்.

மின்சாரக் கணக்கில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, எங்கள் நாட்டின் மின்வலையமைப்பில் ஓர் அலகுக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டு என்ற காரணி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. மலைநாட்டில் மழை நன்றாகப் பெய்து மகாவலி, லக்ஷபான நீர்த்தேக்கங்கள் நிரம்பிய ஆண்டில் அது இறங்கும்; வரட்சியான ஆண்டில் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெய் நிலையங்களும் கூடுதலாக இயங்க, அது ஏறும். ஆகவே ஆலை ஓர் அலகைக்கூட மிச்சப்படுத்தாமலே அதன் ஸ்கோப் 2 குறைந்ததாகத் தோன்றலாம், மிச்சப்படுத்தியும் கூடியதாகத் தோன்றலாம். நிலைபெறுதகு வலு அதிகார சபை வெளியிடும் காரணியை அந்தந்த ஆண்டுக்கு எடுத்து, மாற்றத்தில் எவ்வளவு ஆலையின் முயற்சி, எவ்வளவு மழையின் கொடை என்று பிரித்து எழுதப் பயிலுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கண்ணி கூரையில் இருக்கிறது. சூரியப் படலம் பொருத்திய ஆலைகள் பல இங்கே உள்ளன. உற்பத்தி முழுவதையும் மின்வலையமைப்புக்கு விற்று, தமக்குத் தேவையானதை வழமைபோல் வாங்கும் ‘நெட் பிளஸ்’ முறையில் இணைந்த ஆலை, தான் வாங்கும் மின்சாரம் முழுவதற்கும் ஸ்கோப் 2 காட்டியே ஆக வேண்டும். “கூரையில் சூரிய சக்தி இருக்கிறது, எங்கள் மின்சாரத்தில் காபன் இல்லை” என்று எழுத அதற்கு இடமில்லை. உரிமையாளர்களுக்கு இதை விளக்குவது சங்கடமான வேலை, ஏனெனில் அவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் பணம் போட்டிருக்கிறார்கள். விற்ற அலகுகளின் தொகையை அறிக்கையில் தனித் தகவலாகத் தரலாம். அது அவர்களின் முயற்சிக்கு உரிய இடம்.

குளிர்சாதன வாயுவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். வாழைச்சேனையிலோ கல்முனையிலோ ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் அருகே அமோனியா மணத்தால் எல்லோரும் கலங்குவார்கள். அது மனிதருக்கு ஆபத்தான வாயு, ஆனால் பச்சைவீட்டு வாயுக் கணக்கில் வருவதில்லை. அலுவலக அறையின் ஏசியிலிருந்து மணமே இல்லாமல் கசியும் ஆர்-410ஏ ஒரு கிலோகிராம், காபனீரொட்சைட்டு 1,900 கிலோகிராமுக்கு மேற்பட்டதற்குச் சமம். ஏசி திருத்துபவர் தரும் பற்றுச்சீட்டில் “காஸ் நிரப்பியது” என்றும் ரூபாய்த் தொகையும் மட்டுமே இருக்கும். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது இருக்காது. சிலிண்டரை நிரப்புவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து எழுதச் சொல்லுங்கள் என்பதே இதற்கு நான் சொல்லும் ஒரே பரிகாரம்.

இனி உமிக்கு வருகிறேன். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கல் அரிசி ஆலைகள் அதையே பொயிலரில் எரித்து நெல்லை அவிக்கின்றன. உமி எரியும்போது காபனீரொட்சைட்டு வரத்தான் செய்கிறது; ஆனால் அந்தக் காபன் சில மாதங்களுக்கு முன் நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்தது. ஆகவே அது ஸ்கோப்புகளுக்கு வெளியே, உயிரியல் மூலத்திலிருந்து வந்தது என்று தனியாகக் காட்டப்படுகிறது. அதோடு வெளிவரும் மெதேனும் நைதரசு ஒட்சைட்டும் ஸ்கோப் 1 இல் சேர வேண்டும். காலநிலை மாற்றம் தொடர்பான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் 2006 வழிகாட்டி தரும் பொதுக் காரணிகளைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு தொன் உமிக்குத் தனியாகக் காட்ட வேண்டிய காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1,160 கிலோகிராம். ஸ்கோப் 1 இல் சேர வேண்டியது ஏறத்தாழ 22 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான அளவு, அதாவது சமவலு. இரண்டையும் கலந்தால் ஆலை பெரிய குற்றவாளியாகத் தெரியும். இரண்டையும் விட்டுவிட்டால் அறிக்கை பொய்யாகும். எரித்த உமியை எவரும் நிறுப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். அரைத்த நெல்லின் எடையிலிருந்து உமியை மதிப்பிட்டு, வெளியே விற்ற உமியைப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டு கழித்து, மீதியை எரித்ததாகக் கொள்ளலாம். செங்கல் சூளைக்காரர்களுக்கு விற்ற உமிக்குப் பல இடங்களில் சீட்டே இல்லை. அவ்வாறான இடத்தில் மதிப்பீடு என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

உமி எரிக்கும் ஆலை ஒன்றின் ஸ்கோப் 1 உம் 2 உம் பார்க்க மிகச் சிறியவையாக இருக்கும். அந்தச் சிறிய எண்ணோடு அறிக்கையை நிறுத்திவிடும் ஆசை இயல்பானது. எக்செல் விரிதாளும் பல வேளைகளில் அவ்வளவைத்தான் கேட்கிறது. ஆனால் ஆலை வாங்கும் நெல் எங்கே விளைந்தது? நீர் தேங்கிய வயலில். ஒட்சிசன் புகாத அந்தச் சேற்றில் சேதனப் பொருட்கள் சிதையும்போது மெதேன் உண்டாகி, பெரும்பாலும் நெற்பயிரின் தண்டினூடாகவே காற்றுக்கு வருகிறது. மேற்சொன்ன குழுவின் 2019 திருத்தத்தில் தென்னாசியாவுக்குத் தரப்பட்ட அடிப்படைக் காரணி, தொடர்ந்து நீர் கட்டிய வயலில் ஹெக்டேயருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோகிராம் மெதேன். பயிர்க்காலம் 112 நாட்கள். பெருக்கினால் ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 95 கிலோகிராம் மெதேன். குழுவின் ஐந்தாவது அறிக்கையின்படி மெதேன் காபனீரொட்சைட்டைப் போல் 28 மடங்கு வெப்பமேற்றும் என்று கொண்டால் ஏறத்தாழ 2,670 கிலோகிராம் சமவலு. ஹெக்டேயருக்கு நாலரைத் தொன் விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொன் நெல்லுக்கு ஏறத்தாழ 590 கிலோகிராம் வருகிறது. அதே ஒரு தொன் நெல்லின் உமி முழுவதையும் எரித்தாலும் ஸ்கோப் 1 இல் சேர்வது ஐந்து கிலோகிராமுக்கும் குறைவு. ஆலையின் கதவுக்குள்ளே மட்டும் அளந்துவிட்டு நெல்லை மறந்தவர் எதை அளந்தார்?

இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு எழுகிறது, அதை நான் வரவேற்கிறேன். பயிலுநர்களில் பலர் வயல் செய்யும் குடும்பத்தினர். “அப்படியென்றால் விவசாயியா குற்றவாளி?” என்ற கேள்வி வரும். சோறு உண்ணும் நாட்டில் நெல் விளைவிப்பவரைக் குற்றவாளியாக்க எந்தக் கணக்குக்கும் உரிமை இல்லை. ஆனால் வயலில் எது நடக்கிறது என்பதைக் கணக்கு அறிந்தால்தான் அங்கு கிடைக்கும் முன்னேற்றமும் விவசாயியின் பெயரில் பதிவாகும். போகத்தின் இடையே வயலைப் பல முறை காயவிட்டால், அதே வழிகாட்டியின்படி மெதேன் 0.55 மடங்காகக் குறைகிறது. ஒரு முறை காயவிட்டால் 0.71 மடங்கு. கல்லோயாக் குடியேற்றத்தின் கடைக்கோடி வயல்களில் சிறுபோகத்தில் முறைவைத்து நீர் விடும்போது வயல் காய்வது புதிய செய்தி அல்ல. அந்தக் காய்தலுக்குப் பதிவு இல்லை என்பதுதான் குறை. எந்த வட்டையில் (வயல் தொகுதியில்), எந்தத் திகதியில் வாய்க்கால் திறந்தது, எப்போது மூடியது என்பது வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைக்குத் தெரியும். அவர் அதை ஒரு கொப்பியில் எழுதி, விவசாய அமைப்பின் செயலாளர் கையொப்பம் வைத்தால், ஆலை 0.55 ஐப் பயன்படுத்துவதற்கு ஒரு சான்று பிறக்கிறது. பதிவு இல்லாதவரை, தொடர்ந்து நீர் கட்டியதாகக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று நான் கற்பிக்கிறேன். சிலருக்கு இது கடுமையாகப் படுகிறது. ஆனால் சான்றில்லாத குறைப்பை ஒருமுறை அனுமதித்தால் அடுத்த ஆண்டு எல்லா ஆலைகளும் அதையே எழுதும்.

பால் சேகரிக்கும் சங்கங்களின் நிலையும் இதுதான். ஓர் எருமையின் இரைப்பையிலிருந்து ஆண்டுக்கு 55 கிலோகிராம் மெதேன் என்பது 2006 வழிகாட்டியின் பொதுக் காரணி. மட்டக்களப்புத் தயிருக்குப் பின்னால் இருக்கும் எருமைகள் எத்தனை என்பது சேகரிப்பு நிலையத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது லீற்றர் மட்டுமே. பட்டிக்காரரிடம் தலைக்கணக்குக் கேட்பதும், பால் தராத எருமைகளை எப்படிப் பங்கிடுவது என்பதும் தனியொரு நாளைக் கேட்கும் பாடம்.

பிந்திய ஆண்டுகளை ஒப்பிடுவதற்கான அடிப்படை ஆண்டைத் தெரிவு செய்யும் பாடத்தை எங்கள் நாட்டின் அண்மைக்கால வரலாறு மிகக் கடினமாக்கியிருக்கிறது. 2020 இலும் 2021 இலும் கொரோனா முடக்கம். 2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடை. விளைச்சல் விழுந்தது, ஆலைகளுக்கு வந்த நெல் குறைந்தது. 2022 இல் எரிபொருள் வரிசையும், மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும். இந்த ஆண்டுகளில் ஒன்றை அடிப்படையாக வைத்தால், பிந்திய ஆண்டுகளின் ஒவ்வொரு ஒப்பீடும் கோணலாகும். பல ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாகக் கொள்ள நெறிமுறை இடம் தருகிறது. ஆனால் எங்கள் ஆலைகளுக்கு, பதிவுகள் முழுமையாக உள்ள ஒரு வழமையான அண்மை ஆண்டைத் தெரிவு செய்து, அதைத் தெரிவு செய்த காரணத்தை எழுதிவைப்பதே மேல் என்று நினைக்கிறேன். ஏனெனில் பழைய ஆண்டுகளின் சீட்டுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கணக்கு முறை பின்னர் திருந்தினாலோ ஆலை விரிந்தாலோ அடிப்படை ஆண்டையும் மீளக் கணக்கிட வேண்டிய எல்லை எது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

இத்தகைய பயிற்சியைக் கிழக்கில் நிலைநிறுத்தப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடமும் வணிக முகாமைத்துவ பீடமும் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு முகாமைத்துவமும் தொழில்நுட்பமும் இருக்கின்றன. இறுதியாண்டில் வணிக மாணவர் ஒருவரும் விவசாய மாணவர் ஒருவரும் இணையாக ஒரு ஆலைக்கோ சங்கத்துக்கோ சென்று ஓராண்டுக் கணக்கை முடித்துக் கொடுப்பதைப் பயிற்சியின் பகுதியாக்கலாம். அறிக்கையை ஆக்குபவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதால், ஒரு பல்கலைக்கழகத்தின் இணை தயாரித்ததை மற்றதன் இணை சரிபார்ப்புக்கான ஐ.எஸ்.ஓ 14064-3 நியமத்தின் முறையில் பரிசோதிக்கலாம். அது அதிகாரபூர்வமான சரிபார்ப்பு ஆகாது. அதற்குத் தகுதி பெற்ற அமைப்புகள் வேறு. எனினும் சரிபார்ப்பவரின் கண்ணால் தன் கோப்பைப் பார்க்கக் கற்றவர், அடுத்த கோப்பைத் தொடங்கும்போதே வேறு விதமாகத் தொடங்குவார்.

என் குழுக்களில் தேர்வு இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் தயாரித்த கோப்பை, ஆலையை ஒருபோதும் பார்க்காத இன்னொருவரிடம் கொடுக்கிறேன். தயாரித்தவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. சீட்டுகள், கொப்பியின் படிகள், காரணிகளின் மூலம், விடுபட்டவற்றின் பட்டியல், விட்டதற்கான காரணம் ஆகியவற்றை மட்டும் வைத்து அவர் அதே மொத்தத்தை எட்ட வேண்டும். எட்டினால் இருவரும் தேறுகிறார்கள். எட்டாவிட்டால், எந்தத் தாள் இல்லாததால் வழி தவறியது என்று இருவரும் சேர்ந்து எழுதித் தர வேண்டும். அந்தத் தாளைத் தேடிக்கொண்டு அடுத்த வாரம் ஆலைக்குப் போக வேண்டும்.